ஒன்றேகால் கிராம் கூடினால்: இரத்தச் சர்க்கரையும் முதுமையும்



வயது வந்த ஒருவருடைய உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். காலையில் வெறும் வயிற்றில் அந்த 5 லிட்டர் இரத்தத்திலும் கரைந்திருக்கும் சர்க்கரை மொத்தம் எவ்வளவு என்று கேட்டால், சரக்கு மூட்டைக் கணக்கிலேயே பழகிய நமக்கு வியப்பாக இருக்கும். சுமார் 5 கிராம்தான். அதாவது ஒரே ஒரு தேக்கரண்டி.

100 மில்லி இரத்தத்தில் 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரியான அளவு. 126 அல்லது அதற்கு மேல் போனால் நீரிழிவு. இதை 5 லிட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள். 5 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 6.3 கிராம் இருக்கிறது. கூடுதல் ஏறத்தாழ ஒன்றேகால் கிராம். மளிகைக் கடை மின்னணுத் தராசு பலவற்றில் இந்த எடை காட்டக்கூடக் காட்டாது. ஆனால் இந்த ஒன்றேகால் கிராம் பத்து, பதினைந்து ஆண்டுகள் இறங்காமல் நின்றால் கண், சிறுநீரகம், கால், இதயம் எல்லாவற்றையும் வயதுக்கு முன்பே முதுமையாக்கிவிடுகிறது.

நான் மருத்துவன் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன். மருத்துவர்களிடம் கேட்டதையும் படித்ததையும் நம் தொழில் பாஷையில் சொன்னால் பலருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர். அதன் விளிம்பில் நிற்பவர்கள் 13.6 கோடி பேர். காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்து, நேரந்தவறிச் சாப்பிட்டு, வருகிறவர்களோடெல்லாம் தேநீர் குடிக்கும் நம் கூட்டத்தில் இந்த இரண்டு வகையினரும் கணிசமாக இருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வெல்லம் கறுப்பதும் உடல் மூப்பதும்

புது வெல்லம் பொன்னிறமாக வருகிறது. கிட்டங்கியில் மாதக்கணக்கில் கிடந்தால் கறுத்துப்போகிறது. பால் பவுடரும் நாள்பட்டால் மங்கிப் பழுப்பாகிறது. காப்பிக் கொட்டை வறுபடும்போது கறுப்பதும், ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் நாம் அறிந்ததே. இவற்றில் எல்லாம் ஒரு பொதுவான காரணம் உண்டு. சர்க்கரை, புரதத்தோடும் புரதத்தின் கூறுகளோடும் ஒட்டிக்கொண்டு நிறமும் தன்மையும் மாறுகிறது. 1912ஆம் ஆண்டில் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியல் அறிஞர் இதை விளக்கினார்.

நமது உடலும் புரதத்தால் ஆனதுதானே. அதற்குள்ளும் சர்க்கரை ஓடிக்கொண்டே இருக்கிறது. வாணலியின் சூடு இல்லாததால் உடலுக்குள் இந்த வேலை மிக மெதுவாக நடக்கிறது. முதலில் சர்க்கரை லேசாக ஒட்டுகிறது. இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் அது விலகியும் போகும். சில வாரங்கள் ஆனால் உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. ஆண்டுகள் ஆக ஆக, பக்கத்துப் பக்கத்துப் புரத இழைகளைப் பசை போட்டது போல ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அதன்பிறகு அதைப் பிரிப்பது கடினம். வளைந்து கொடுக்க வேண்டிய தசைநாரும் இரத்தக் குழாயும் விறைத்துப்போகின்றன. இந்த முற்றிய பொருளுக்கு மருத்துவ உலகம் வைத்த நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'ஏஜ்' என்று வரும். வயது என்று பொருள்.

இது நீரிழிவு இல்லாதவர் உடலிலும் வயதோடு சேர்ந்து நடப்பதுதான். முதுமைக்கு வேறு காரணங்களும் பல உண்டு. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை கூடி நிற்கும்போது இந்த ஒட்டுதல் வேகமாகிறது. எழுபதில் வரவேண்டியது ஐம்பத்தைந்தில் வந்து வாசலில் நிற்கிறது.

எந்தச் சரக்கு தேங்குகிறதோ அதுதான் கெடும்

முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகவேண்டும் என்பது நம் தொழிலின் பாலபாடம். அடியில் தேங்கிய மூட்டைதான் வண்டு பிடிக்கும். உடலிலும் இதே கதைதான்.

இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அது பழசானால் அழிந்து புதிது வந்துவிடும். ஆனால் தோலுக்கு உறுதி தரும் 'கொலாஜன்' என்ற புரதத்தில் பாதி புதுப்பிக்கப்படுவதற்கே சுமார் 15 ஆண்டுகள் ஆகும். மூட்டுக் குருத்தெலும்பில் உள்ள கொலாஜனுக்கு 100 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கண் வில்லையின் நடுப்பகுதிப் புரதம் தாய் வயிற்றில் உருவானது. அது கடைசி வரை மாற்றப்படுவதே இல்லை. ஆகவே கூடுதல் சர்க்கரையின் பாதிப்பு இப்படிப்பட்ட பழைய சரக்கில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண்புரை சீக்கிரம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோள்பட்டை இறுகி, மேல் அலமாரியில் இருக்கும் டின்னை எடுக்க முடியாமல் தவிக்கும் கடைக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். நீரிழிவு உள்ளவர்களிடம் இது அதிகம். மருத்துவர்கள் இரண்டு கையையும் சேர்த்து வணக்கம் வைக்கச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. நீண்ட நாள் நீரிழிவில் சிலருக்கு விரல் மூட்டுகள் விறைத்து, உள்ளங்கைகள் முழுதாகச் சேராமல் நடுவே இடைவெளி விழும். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லும் நாம், நம் கை சரியாகச் சேருகிறதா என்று ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஓசையில்லாமல் கெடும் நான்கு இடங்கள்

புரதத்தோடு ஒட்டுவது மட்டும் அல்ல, வேறு வழிகளிலும் சர்க்கரை கெடுதல் செய்கிறது. உடலின் பல செல்கள் சர்க்கரை அதிகமானால் கதவைச் சாத்திக்கொள்ளும். மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்களுக்கு அந்தத் தடுப்பு இல்லை. வெளியே கூடினால் உள்ளேயும் கூடிவிடும். ஆகவேதான் நுண்குழாய்கள் நிறைந்த உறுப்புகள் முதலில் அடிபடுகின்றன.

முதலாவது, விழித்திரை. அதன் நுண்குழாய்கள் பலவீனப்பட்டுக் கசியத் தொடங்கும். பார்வை குறையும் வரை எந்த வலியும் இருக்காது. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் வில்லை வீங்கித் தற்காலிகமாகப் பார்வை மங்குவதும் உண்டு. பேரேட்டில் எழுத்து மங்குகிறது என்று உடனே புதுக் கண்ணாடி வாங்கிவிடாமல், முதலில் சர்க்கரையைப் பார்த்து நிலைக்குக் கொண்டுவந்த பிறகு கண்ணாடி அளவு எடுப்பது நல்லது.

இரண்டாவது, சிறுநீரகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் வடிகட்டிகள் உண்டு. நம் சல்லடை கண் பெருத்தால் நொய்யோடு நல்ல அரிசியும் இறங்குவது போல, வடிகட்டி கெட்டால் இரத்தத்தில் இருக்க வேண்டிய 'அல்புமின்' என்ற புரதம் சிறுநீரில் இறங்கும். ஆரம்பத்தில் இதைச் சோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும். முகம், கால் வீங்கும்போது நிலைமை பெரும்பாலும் முற்றியிருக்கும்.

மூன்றாவது, கால் நரம்பு. இது நம் தொழிலுக்கு நேரடியாக வரும் ஆபத்து. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் பெரும்பாலான கடைகளில் ஏறுகிறோம். கிட்டங்கித் தரையில் கோணி ஊசியும் பெட்டியிலிருந்து கழன்ற ஆணியும் கிடக்கும். உணர்ச்சி உள்ள கால் குத்தியதும் தூக்கிக்கொள்ளும். உணர்ச்சி மரத்த காலுக்குக் குத்தியதே தெரியாது. இரண்டு நாள் கழித்துச் சாக்கில் இரத்தக் கறையைப் பார்த்துத்தான் தெரியவரும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறுவது தாமதமாகும். விரலை, சில வேளை காலையே எடுக்க நேர்வது இப்படிச் சிறிதாகத் தொடங்கிய புண்ணால்தான்.

நான்காவது, இதயமும் மூளையும். பெரிய இரத்தக் குழாய்கள் விறைத்தும் அடைத்தும் மாரடைப்பும் பக்கவாதமும் வருகின்றன. இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் கூடச் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு. நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு சில நேரம் நெஞ்சுவலி இல்லாமலே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கல்லாவும் பேரேடும்

"நேற்றுத்தான் பார்த்தேன், வெறும் வயிற்றில் 105 தான்" என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். சோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்துவிட்டுப் போவோரும் உண்டு. இது ஒருநாள் இரவு கல்லாவை எண்ணிப் பார்த்துவிட்டு வருஷ லாபத்தைச் சொல்வது போன்றது. வியாபாரத்தின் உண்மை நிலை பேரேட்டில்தான் தெரியும்.

உடலுக்கும் அப்படி ஒரு பேரேடு உண்டு. இரத்தத்தின் சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஹீமோகுளோபினும் ஒரு புரதம்தான். அதிலும் சர்க்கரை ஒட்டுகிறது. 1960களின் இறுதியில் ஈரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற அறிஞர், நீரிழிவு உள்ளவர்களிடம் இப்படிச் சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதைக் கண்டார். 1976இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைக்கொண்டே சர்க்கரைக் கட்டுப்பாட்டை அளக்கலாம் என்று காட்டினர். இதுதான் இன்று 'எச்.பி.ஏ.1.சி.' என்று எழுதிக் கொடுக்கப்படும் சோதனை. கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரியை இது காட்டிவிடும். முந்தின நாள் பட்டினி இதனிடம் செல்லாது.

5.7க்குக் கீழே இருந்தால் சரி. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. 6.5 முதல் நீரிழிவு. 7 என்று வந்தால் இரவு பகல் சேர்த்து உங்கள் சராசரிச் சர்க்கரை 154 என்று பொருள். 8 என்றால் 183. இரத்தசோகை போன்ற சில கோளாறுகள் உள்ளவர்களுக்கு இந்த எண் தப்பாகக் காட்டலாம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முன்னே கட்டினால் வட்டி மிச்சம்

கட்டுப்படுத்தினால் பலன் உண்டா என்ற கேள்விக்கு நம்பத்தகுந்த பதில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1993இல் வந்தது. சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் வெகுவாகக் குறைந்தன. நம்மிடையே அதிகம் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவில், பிரிட்டனில் 5,102 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 1998இல் இதையே உறுதி செய்தது.

அந்த பிரிட்டன் ஆய்வில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினருக்கும் இடையே சர்க்கரை அளவில் இருந்த வித்தியாசம் ஓராண்டுக்குள் மறைந்துவிட்டது. ஆனாலும் பத்தாண்டு கழித்து 2008இல் பார்த்தபோது, தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கே மாரடைப்பும் மரணமும் குறைவாக இருந்தன. ஆரம்பத்தில் போட்ட முதல், பிற்காலத்திலும் வட்டி கொடுத்துக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் விட்ட கடனும் அப்படித்தான் வட்டியோடு வரும்.

நீரிழிவு வருவதற்கு முன்பே தடுக்கவும் முடியும். நீரிழிவுக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவை 1948இலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் தொடங்கிய ஊர் சென்னை. அதே சென்னையிலிருந்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, விளிம்பில் நின்ற 531 பேரைப் பின்தொடர்ந்தது. மூன்றாண்டில், ஒன்றும் செய்யாதவர்களில் 100க்கு 55 பேர் நீரிழிவுக்குள் விழுந்தனர். நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. மருந்துச் செலவே இல்லாத லாபம் இது.

கடையில் நாம் சொல்லும் சொல்

இங்கே நம் பொறுப்பு ஒன்று இருக்கிறது. "அண்ணாச்சி, வீட்டில் சுகர். சீனிக்குப் பதில் என்ன தரலாம்?" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். மருத்துவர் சீட்டைவிட அண்ணாச்சி வாய்ச்சொல்லை நம்புகிறவர்கள் உண்டு.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாமே பெரும்பகுதி சர்க்கரைதான். அவற்றுக்கு மணமும் சுவையும் தனி. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறாது என்று சொல்லி விற்பது சரியல்ல. சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டிலும் மைதா உண்டு. மைதா வயிற்றுக்குள் போனால் சர்க்கரையாகத்தான் மாறும். சிறுதானியம் நல்ல சரக்கு. என்றாலும் மாவாக்கிக் கூழாகக் காய்ச்சி வயிறு முட்டக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். தீட்டிய அரிசியைக் குறைத்து, பருப்பு, பயறு, கடலை, காய்கறியைக் கூட்டச் சொல்லலாம். அந்தச் சரக்கும் நம் கடையில்தான் இருக்கிறது. உண்மையைச் சொல்லி விற்றால் நட்டம் வராது.

இனி நம் சொந்தக் கணக்கு. ஒரு தேநீரில் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம் சர்க்கரை என்று வையுங்கள். நாளொன்றுக்கு ஆறு தேநீர் என்றால் 60 கிராம். இரத்தம் முழுவதிலும் இருக்க வேண்டியது 5 கிராம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 22 கிலோ. 50 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட அரை மூட்டையைத் தேநீரிலேயே கரைத்துக் குடித்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, சேர்க்கும் சர்க்கரை எல்லாம் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம். அதையும் 25ஆகக் குறைத்தால் இன்னும் நல்லது என்பது அவர்கள் கருத்து.

வரும் சர்க்கரையை இறக்கி வைக்க உடலில் உள்ள பெரிய கிட்டங்கி தசைதான். இன்சுலின் அதன் சாவி. தசை வேலை செய்யாவிட்டால் கிட்டங்கி நிரம்பிக் கிடக்கும். வரும் லோடு தெருவிலேயே, அதாவது இரத்தத்திலேயே, நிற்கும். ஆகவே மதியம் சாப்பிட்டதும் கல்லாவில் சாயாமல் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் நல்ல பலன் உண்டு. வெளியே போக நேரமில்லை என்றால் கிட்டங்கிக்குள்ளேயே நடந்து சரக்கு இருப்பைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். வேகமாகக் கீழே இறக்குவதும் ஆபத்து. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், எச்.பி.ஏ.1.சி. அளவை 6க்குக் கீழே கொண்டுவரக் கடுமையாக மருந்து கொடுத்த பிரிவில் மரணங்கள் கூடியதால் 2008இல் அந்தச் சிகிச்சையை நிறுத்தினார்கள். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இலக்கு வேறு. மாத்திரை போட்டுவிட்டு, கூட்டம் அதிகம் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி வேர்த்து, நடுங்கி, மயக்கம் வரலாம். அப்போது உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும் என்பதைக் கடை ஊழியர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

புதுக்கணக்கு போடும் நாளில்

ஆண்டுக்கு ஒருமுறை சரக்கு இருப்பு எடுத்துப் புதுக்கணக்கு தொடங்குகிறோம். அந்த வாரத்திலேயே உடலுக்கும் இருப்பு எடுத்துவிடலாம். எச்.பி.ஏ.1.சி., இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகிய மூன்றும் நம் எல்லோருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் இவற்றோடு சிறுநீரில் அல்புமின், கண்ணில் மருந்துவிட்டு விழித்திரைச் சோதனை, பாத உணர்ச்சிச் சோதனை ஆகியவற்றையும் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். எச்.பி.ஏ.1.சி. அவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதாது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் சொல்வார். தினமும் இரவு கடை சாத்தியதும் பாதத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். கடைக்குள் மட்டும் போட்டுக்கொள்ளச் சுத்தமான தனிச் செருப்பு ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம்.

மூட்டை தூக்கும் தொழிலாளிகளையும் கடை ஊழியர்களையும் மறந்துவிடக் கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைச் சோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வார விடுமுறையில் அவர்களை அனுப்பிவைப்பது முதலாளிகளின் கடமை. நமது சங்கம் ஆண்டுப் பொதுக்குழு நாளன்று, கூட்டம் தொடங்குவதற்கு முன் காலையில் சோதனை முகாம் ஒன்று வைக்குமானால் உறுப்பினர்கள் அனைவரும் ஒரே நாளில் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும். நிர்வாகிகள் இதை அடுத்த செயற்குழுவில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒட்டிப் பழுத்ததை முழுதாகப் பிரித்தெடுக்க இன்றுவரை மருந்து கிடையாது. இனிமேல் ஒட்டுவதைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. இந்த மாதமே ஒருமுறை உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்.